பிளாந்தர்ஸ் மண்ணிலே ஒரு பாதிரியாரைத் தேடி

ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு விடை தெரியாத வினாக்கள் பல உண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றை "நாளைக்குப் பார்ப்போம்" என்று கூறித் தள்ளிவைத்துவிடலாம். தள்ளிவைக்க முடியாத வினா ஒன்றை என்னிடம் கேட்டவன், வன்னியிலிருந்து வந்து உறவினர் வீட்டிலே தங்கிப் படித்த மாணவன் ஒருவன். முதலாம் உலகப் போர்க் காலத்து ஆங்கிலக் கவிதைகளை உயர்தர வகுப்பிலே நான் படிப்பித்துக்கொண்டிருந்த நாள் அது. பதுங்கு குழிகளையும் முள்ளுக்கம்பி வேலிகளையும் பற்றி நான் விரித்துரைத்துக்கொண்டிருக்கையில், அவற்றை என்னிலும் நன்றாக அறிந்திருந்த அப்பிள்ளை எழுந்து நின்றான்.

"சேர், அந்த நேரம் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்?"

2009 ஆம் ஆண்டிலே அவன் தன் தந்தையை இழந்தவன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், வினைப்பயன் என்றும் திருவருள் என்றும் நூல்களிற் படித்தவற்றை நாலு வார்த்தை சொல்லி வைத்தேன். அவன் மறுத்துப் பேசவில்லை. "சரி, சேர்" என்று சொல்லி அமர்ந்துவிட்டான். அந்தச் "சரி" பல காலம் என் நெஞ்சிலே முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

பின்னொரு நாள் பழைய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதே வினாவைக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்று தம்மைத் தாமே கேட்ட ஒருவரைக் கண்டுகொண்டேன். அவர் என் சமயத்தவர் அல்லர். என் நாட்டவரும் அல்லர். ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடி என்னும் பாதிரியார் அவர். போர்வீரர்கள் அவருக்கு இட்ட செல்லப்பெயர் "வூட்பைன் வில்லி." இலண்டனில் வாழும் என் தங்கை குடும்பத்தாரின் அழைப்பு வந்தபோது, கோபுரங்களையும் கடைத்தெருக்களையும் பார்ப்பதிலும் அவர் நடந்த மண்ணைப் பார்ப்பதே மேல் என்று துணிந்தேன். பதினேழு வயதுடைய மருமகளும் உடன் புறப்பட்டாள்.

புகையிரதத்திலே ஒரு கதை

இலண்டன் சென் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து கடலடிச் சுரங்கத்தினூடாகச் செல்லும், புகையே இல்லாத புகையிரதத்தில் ஏறி, பிரான்சு தேசத்து லீல் நகரத்தை அடைந்தோம். அங்கிருந்து பெல்ஜியத்து வண்டிகளிலே மாறி மாறிச் செல்லவேண்டும். இருமருங்கும் சமதரை, உருளைக்கிழங்கு வயல்கள், கொழுத்த பசுக்கள், தூரத்திலே தேவாலயக் கோபுரங்கள். பனைமரம் இல்லாத குறையொன்றுதான். மற்றும்படி கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளமற்ற எங்கள் குடாநாட்டின் சாயல் அந்த நிலத்துக்கு உண்டு.

"மாமா, சிகரட் குடுத்த சாமியாரைத் தேடியோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று மருமகள் சிரித்தாள். அவளுக்குச் சொன்ன கதையை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கென்னடி 1883 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே, அயர்லாந்து வழிவந்த குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையாரும் ஒரு பாதிரியாரே. ஏழைத் தொழிலாளர் நிறைந்த பகுதியிலே பணிபுரிந்தவர். மகன் டப்ளின் திரித்துவக் கல்லூரியிலே 1904 இற் பட்டம் பெற்றுத் தாமும் குருத்துவத்தை மேற்கொண்டார். 1914 ஆம் ஆண்டு வூஸ்டர் நகரத்துப் புனித பவுல் ஆலயத்துக்குப் பொறுப்பாளரானார். அதுவும் வறியவர் வாழும் இடம். கையிலுள்ளதை வைத்திருக்கத் தெரியாத மனிதர் அவர். நோயாளியான ஏழை ஒருவருக்காகத் தம் வீட்டுக் கட்டிலையே கொடுத்துவிட்டு, வெறுந் தரையைக் காட்டி மனைவியாரிடம் அகப்பட்டுக்கொண்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது.

அவ்வாண்டிலேயே போர் மூண்டது. அக்காலத்துக் குருமார் பலரைப் போலவே, இது நீதிக்கான போர் என்று கென்னடியும் நம்பினார். இளைஞரைப் படையிற் சேருமாறும் ஊக்கினார். இதனை மறைப்பது முறையன்று. பின்னாளில் அவர் தாமும் இதனை மறைக்கவில்லை. 1915 டிசெம்பரில் அவரே படைக்குருவாகப் பிரான்சு சென்றார். போர் தொடங்கும்போது பிரித்தானிய இராணுவத்திலிருந்த படைக்குருமார் 117 பேர். போர் முடியும்போது 3,400 பேருக்கு மேல். இவ்வளவு பேரை ஒருங்கே சேர்த்த இராணுவத்துக்கு, அவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னணிக்குச் செல்லாது பின்னாலே நில்லுங்கள் என்பதே ஆங்கிலத் திருச்சபைக் குருமாருக்குத் தொடக்கத்தில் இடப்பட்ட கட்டளை. குழிகளிலே கிடந்த வீரர்களோ, ஞாயிறு தோறும் வந்து பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பும் அவர்களைக் கண்டு முகஞ் சுளித்தனர்.

கென்னடிக்கு முதலிற் கிடைத்த இடம் றூவான் நகரத்துப் புகையிரத நிலையம். போர்முனைக்குப் போகும் வண்டிகள் அங்கிருந்தே புறப்படும். உணவுச்சாலையிலே ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று பாடுவார். எழுத்தறியாதவர்க்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். வண்டி புறப்படும் வேளையிலே பெட்டி பெட்டியாகச் சென்று, ஒரு பையிலிருந்து புதிய ஏற்பாட்டையும் மறு பையிலிருந்து வூட்பைன் சிகரட்டையும் எடுத்து வழங்குவார். வூட்பைன் என்பது அக்காலத்தில் மிக மலிந்த சிகரட்டு, கனவான்கள் தொடமாட்டார்கள். அதனாலேயே அப்பெயர் அவருக்கு நிலைத்தது. அவரோ இளமையிலிருந்தே இழுப்பு நோயால் வருந்தியவர். தாமும் ஓயாது புகைத்தவர். மாணவ நேயர்கள் அவரிடமிருந்து கற்கவேண்டியவை பல உண்டு. இஃது அவற்றுள் ஒன்றன்று!

ஒரு தலைமையாசிரியரின் துணிவு

அந்த றூவானிலேயே, 1916 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், முதியவர் ஒருவர் கென்னடியிடம் வந்து அறிவுரை கேட்டார். தியடோர் பேலி ஹார்டி என்பது அவர் பெயர். முன்னாளிற் பாடசாலைத் தலைமையாசிரியர், பிறகு சிற்றூர்ப் பாதிரியார், மனைவியை இழந்தவர், ஐம்பது வயதைக் கடந்தும் பலமுறை விண்ணப்பித்துப் படைக்குருவானவர். தம்மிலும் இருபது வயது மூத்த அவருக்குக் கென்னடி கூறியதன் சாரம் இது: வீரர்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள், அவர்கள் போகுமிடமெல்லாம் போங்கள், அவர்களுக்கு நேரும் அபாயம் உங்களுக்கும் நேரட்டும், முன்னணியில் நின்றால் உங்கள் சொல்லைக் கேட்பார்கள், பின்னணியில் நின்றால் உங்கள் காலம் வீண்.

ஹார்டி அதனை எழுத்துப் பிசகாமற் செய்தார். இரவிலே குழிகளினூடாகத் தவழ்ந்து சென்று, காயமுற்றவர் பக்கத்திலே விடியும்வரை படுத்திருப்பார். விக்டோரியாச் சிலுவை உள்ளிட்ட மூன்று வீர விருதுகள் அவருக்குக் கிடைத்தன. அரசரே அவரை முன்னணியிலிருந்து மீட்டெடுக்க விரும்பியும் அவர் இணங்கவில்லை. 1918 ஒக்டோபரிற் குண்டு பட்டு, 55 வயது நிறைவதற்கு இரண்டு நாள் இருக்கையில், அதே றூவானில் உயிர் நீத்தார். மூன்று வாரத்தில் போர் ஓய்ந்தது.

ஓர் உபாத்தியாயன் என்ற முறையில் ஹார்டியின் கதை என்னைத் தலைகுனிய வைத்தது. அவர் வினாவுக்கு விடை சொல்லவில்லை. பக்கத்திலே போய்ப் படுத்துக்கொண்டார். இதனைச் சொல்லி முடித்தபோது மருமகளும் சிரிப்பை விட்டு மௌனமானாள்.

பரணிலே ஒரு வழிபாட்டிடம்

ஈப்பர் நகரத்தைத் தாண்டி, தண்டவாளம் முடிவடையும் இடமாகிய பொப்பரிங்கவில் இறங்கினோம். போர்க்காலத்தின் பெரும்பகுதியிலே பிரித்தானியர் வசமிருந்த சிறு பட்டினம் அது. முன்னணிக்குப் போவோரும் அதிலிருந்து மீள்வோரும் இதன் வழியாகவே சென்றனர். இங்கே பிலிப் கிளேட்டன் என்னும் மற்றொரு படைக்குரு, 1915 டிசெம்பரிலே ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, வீரர் இளைப்பாறும் இல்லமாகத் திறந்து வைத்தார். போரில் மாண்ட இளைஞன் ஒருவனின் நினைவாக அதற்கு டல்போட் இல்லம் என்று பெயரிட்டனர். வாசலைக் கடந்தால் தளபதி என்றும் சிப்பாய் என்றும் வேற்றுமை இல்லை என்பது அவ்வீட்டின் விதி.

அவ்வில்லம் இன்றும் இருக்கின்றது; பயணிகள் தங்கலாம். நாங்கள் ஓரிரவு தங்கினோம். செங்குத்தான படிகளில் ஏறிச் சென்றால் கூரையின் கீழே, முன்னாளில் மதுவுக்கிடும் ஹொப்புக் காய்களை உலர்த்திய பரணிலே, வழிபாட்டிடம் உள்ளது. தச்சன் ஒருவனின் வேலைமேசையே பலிபீடம். இப்படிகளில் ஏறி, அம்மேசை முன் முழந்தாளிட்டு, மறுநாட் காலை முன்னணிக்குச் சென்று மீளாதவர் எத்தனை பேரோ! சைவனாகிய நான் அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். எவரும் சொல்லவில்லை, கால் தானாகவே செய்தது.

அன்றிரவு அவ்வீட்டின் தோட்டத்து வாங்கிலே அமர்ந்து கென்னடியின் கவிதைகளை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். 1918 இல் அவர் வெளியிட்ட முதற்றொகுதிக்கு, "ஒரு பாதிரியின் கரடுமுரடான பாட்டுக்கள்" என்று பொருள்படும் பெயரைத் தாமே இட்டார். உண்மையில் அவை கரடுமுரடானவையே. வில்பிரட் ஓவனும் சீக்ஃபிரீட் சசூனும் செதுக்கிய சிற்பம் இங்கே இல்லை. பல பாட்டுக்கள் சாதாரணச் சிப்பாயின் கொச்சைப் பேச்சிலேயே அமைந்தவை. படித்த பாதிரியாருக்கு அந்தப் பேச்சு ஏன் என்று கேட்கலாம். நல்ல ஆங்கிலத்திலே கடவுளைப் பற்றிச் சொல்லப்பட்டவை யாவும் அவ்வீரர்களுக்குப் பொய்யாகத் தோன்றிய காலம் அது. ஆதலால் அவர்களுடைய வாயாலேயே அவர்களுடைய ஐயத்தைக் கேட்கவைத்தார். "தேவனின் துயரம்" என்னும் பாட்டிலே, பேசுபவன் ஒரு சிப்பாய். தோழர்களின் சாவைக் கண்ட அவன், இதையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அழமாட்டாரா என்று தன் பேச்சிலே எண்ணி எண்ணிப் பார்க்கிறான். இலக்கணம் தடுமாறுகிறது, ஆனால் நெஞ்சு தடுமாறவில்லை.

மெசின் மேட்டிலே

மறுநாள் ஈப்பரில் இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தோம். யாழ்ப்பாணத்து உபாத்தியாயனுக்குச் சைக்கிள் புதியதன்று. மருமகள்தான் இளைத்துப் போனாள். தெற்கே ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் சென்றால் மெசின் மேடு வரும். மேடு என்றால் மலையன்று. ஒரு நீண்ட திடல். ஆயினும் அந்தச் சமதரையிலே அதனைப் பிடித்தவன் நாற்றிசையும் காணலாம். அதற்காகவே அத்தனை உயிர்கள் போயின.

1917 ஜூன் 7 ஆம் நாள் அதிகாலை 3.10 மணிக்கு, ஜெர்மானியரின் காவல்நிலைகளுக்குக் கீழே மாதக் கணக்காகத் தோண்டிய சுரங்கங்களில் வைத்திருந்த 19 வெடிகள் வெடித்தன. அவற்றுள் ஒன்று உண்டாக்கிய பெரும் பள்ளம் இப்பொழுது குளமாகிவிட்டது. "சமாதானக் குளம்" என்பது அதன் பெயர். மரஞ்செடிகள் சூழ, நீர் அசையாமற் கிடந்தது. அருகிலேயே ஒரு சிறு மயானம். அந்த வெடி சில விநாடி பிந்தியதால், முன்னேறத் தொடங்கிவிட்ட தம் பக்கத்து வீரர் சிலரும் அதில் மாண்டனர். அவர்களும் அம்மயானத்திலே துயில்கின்றனர். வெடிக்காது மண்ணுள் எஞ்சியிருந்த வெடிகளுள் ஒன்று, 1955 ஆம் ஆண்டிலே இடிமின்னல் தாக்கி வெடித்தது. போர் முடிந்தாலும் மண் அதனை உடனே மறந்துவிடுவதில்லை. இது நமக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டிய பாடமன்று.

அன்றைய போரிலே கென்னடி அம்மேட்டிலே இருந்தார். குண்டு மாரியிடையே குழி குழியாகத் தேடி, காயமுற்றோரை மருந்திடும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தம்மவரை மட்டுமன்றிப் பகைவரையும் அவ்வாறு தேடினார் என்று, அவருக்கு வழங்கிய இராணுவச் சிலுவை விருதின் பத்திரமே கூறுகின்றது.

ஆனால் அந்நாளிலே அவருக்கு நேர்ந்த பெரிய நிகழ்ச்சி விருதிலே இல்லை; 1918 இல் அவர் எழுதிய உரைநடை நூலிலே இருக்கின்றது. அச்சத்தாற் பித்துப் பிடித்தவர்போல ஓடிக்கொண்டிருந்தவர், எதன்மீதோ கால் இடறி நின்றார். கீழே பார்த்தால், ஒரு ஜெர்மானியச் சிறுவனின் பிணம். உண்டு கொழுத்த எதிரியல்லன். ஒட்டி உலர்ந்த பிள்ளை. இந்தப் போருக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்று அவர் மனம் கரைந்தது. அக்கணத்திலே அவ்வுடல் இருந்த இடத்திற் சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவையே கண்டதாக அவர் எழுதுகிறார்.

அன்றோடு, சிங்காசனத்தில் வீற்றிருந்து போரை நடத்தும் சர்வ வல்லமையுள்ள அரசன் என்ற கடவுட் கொள்கை அவருள் இறந்துபட்டது. கடவுள் இந்தக் கொடுமையை விரும்பவில்லை, இதனைச் செய்யவுமில்லை, அடிபடுகின்றவனோடு அடிபட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அவர் கண்ட விடை. இது மரபுக்கு மாறானது என்று சமயப் பெரியோர் சிலர் குறை கூறினர். இன்றுவரை இறையியல் மாணவர் இதைப்பற்றி வாதிக்கின்றனர்.

அம்மேட்டிலேயே அயர்லாந்துச் சமாதானப் பூங்காவின் வட்டக் கோபுரம் நிற்கின்றது. தம் நாட்டிலே ஒருவரையொருவர் பகைத்த கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் இந்த மேட்டிலே அருகருகே நின்று போரிட்டு மாண்டனர். அதனை நினைத்து 1998 இல் அக்கோபுரத்தை எழுப்பினர். எண்பது ஆண்டு சென்றே இருசாராருக்கும் ஒருங்கே அழ முடிந்தது.

வூஸ்டரில் ஒரு கல்லறை

மாலை எட்டு மணிக்கு ஈப்பரின் மெனின் வாயிலிலே நின்றோம். கல்லறையில்லாத 54,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஈப்பர் முனையிலே மாண்ட இந்தியப் படையினரின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். 1928 முதல், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியர் ஆட்சிக் காலம் தவிர, நாடோறும் அவ்வேளையில் ஊதுகுழல் ஒலிக்கின்றது. ஒலி ஓய்ந்தபின் கூட்டம் முழுவதும் மூச்சுவிடாமல் நின்றது. மருமகள் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

இங்கிலாந்துக்கு மீண்டபின் நான் தனியே வூஸ்டருக்குப் போனேன். செவேர்ண் ஆற்றங்கரையிலே, அரசன் ஜோன் அடக்கம் செய்யப்பட்ட பழம்பெரும் கதீட்ரல் நிற்கின்றது. அதிலே கென்னடிக்கு ஒரு நினைவுக் கல்வெட்டும் உண்டு. ஆயினும் அவர் துயில்வது ஆற்றுக்கு அப்பால், புனித யோவான் பகுதிப் பொது மயானத்திலே, சாதாரண மக்களின் நடுவே.

போருக்குப் பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தாம் முன்பு போரைப் புகழ்ந்து பேசியதற்கு வருந்தி, போர் முழுவதும் பாவமே என்று பகிரங்கமாகப் பேசினார். வேலையற்றோருக்காகவும் தொழிலாளருக்காகவும் நாடெங்கும் அலைந்து உரையாற்றினார். அக்காலத்து அவர் கவிதை ஒன்று, கிறிஸ்து பேர்மிங்காம் நகருக்கு வந்தால் அவரை இக்காலத்தவர் சிலுவையில் அறையமாட்டார்கள், மழையிலே நனையவிட்டுப் பேசாமல் தாண்டிப் போவார்கள் என்று சொல்கின்றது. கொலையிலும் கொடியது கவனியாமை என்பது அதன் கருத்து. 1929 மார்ச்சு 8 ஆம் நாள், சொற்பொழிவாற்றச் சென்ற லிவர்பூல் நகரிலே, காய்ச்சலால் இறந்தார். வயது நாற்பத்தைந்து, எனக்கும் ஏறக்குறைய அதே வயது. வூஸ்டரின் வீதிகளிலே ஏழைகளும் பழைய வீரர்களும் திரண்டு நின்று வழியனுப்பினர். அவருடைய சவப்பெட்டியின்மேல் ஒரு பொட்டலம் வூட்பைன் சிகரட்டு வைக்கப்பட்டதாம்.

கல்லறை முன் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் கோயிற் புராண படனம். சிறுவயதிலே ஆச்சியின் மடியில் இருந்து கேட்ட கதை: வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டுக்காகக் கூலியாளாகி மண் சுமந்த சொக்கேசர், பாண்டியனின் பிரம்படியைத் தம் முதுகிலே தாங்குகிறார், அந்த அடியோ பாண்டியன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், கருவிலிருந்த பிள்ளைமீதும், சகல உயிர்கள்மீதும் படுகின்றது. அடித்தவன்மீதும் படுகின்றது என்பதுதான் அக்கதையின் உயிர். இரு சமயமும் ஒன்றென்று வாதிக்க நான் வரவில்லை. அஃது அறிஞர் வேலை. ஆனால் அந்த ஜெர்மானியச் சிறுவனின் உடல்மேல் இடறி நின்ற பாதிரியார் எதைக் கண்டார் என்பதை ஆச்சியின் கதை எனக்கு விளங்க வைத்தது. இத்தனை ஆண்டு என் கையிலிருந்த பொருளை, கடல் கடந்து சென்று இன்னொருவர் கையிலே கண்டுகொண்டேன்.

ஊர் திரும்பியபின் அந்த மாணவனைத் தேடிப் போனேன். இப்போது அவன் ஒரு வாகனத் திருத்தகத்திலே வேலை செய்கிறான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன சேர், இந்தப் பக்கம்?" என்றான். அன்று அவனுக்குச் சொன்னது பிழை என்றேன். எனக்கு விடை தெரியாது என்பதை அன்றே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இருங்கோ சேர், தேத்தண்ணி சொல்லுறன்" என்றான்.

இருந்தேன். அன்று மாலைவரை அவன் தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.